ஒரு டிரைவிங் மாஸ்டரின் கடைசி சிகரெட்டுகள்

டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் வேலை என்பது, ஸ்டியரிங்கை அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டு, நம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு பக்கத்து சீட்டில் உட்காருவது. எங்கள் பக்கம் தனியாக ஒரு பிரேக்கும் ஒரு கிளட்சும் உண்டு. அதற்கு மேல் சாமி உண்டு. எனக்கு இருபத்திரண்டு வருடமாக சிகரெட்டும் உண்டு.

ஒரு ஆள் இறங்கி அடுத்த ஆள் ஏறுவதற்குள் ஒன்று. நன்றாக ஓட்டினால் அந்தச் சந்தோஷத்தில் ஒன்று, மோசமாக ஓட்டினால் அதை மறக்க இரண்டு. விட்டவர்களுக்கும், விட்டுவிட்டுத் திரும்பப் பிடித்தவர்களுக்கும், வருகிற ஒண்ணாம் தேதியிலிருந்து விடப்போகிறவர்களுக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. நாமெல்லாம் ஒரே வார்டில் படுத்திருப்பவர்கள்.

நான் ஏற்கெனவே மூன்று முறை விட்டவன். மூன்றாவது முறை, விட்டுவிட்டேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு எட்டு மாதம் வெளியே குடித்தேன். என் மனைவி ஈஸ்வரிக்கு அது எப்போது தெரிந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவள் சண்டை போடவில்லை. கேட்பதை நிறுத்திவிட்டாள், அவ்வளவுதான். இந்த முறை போய், "விட்டுட்டேன்" என்று சொன்னபோது, கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் தலை நிமிராமல் "சரிங்க" என்றாள். அடித்திருந்தால்கூடப் பரவாயில்லை. நெஞ்சு, நுரையீரல் எல்லாம் அப்புறம். இவள் ஒரு நாளாவது என்னை நம்பிவிட வேண்டும் என்பதுதான் எனக்குப் பெரிய கவலையாக இருந்தது.

தள்ளுவண்டி

நான்காவது முறையாக விட்டதற்குக் காரணம் சரோஜா டீச்சர். ரிட்டயர்டு ஹெட்மிஸ்ட்ரஸ், வயது அறுபத்தொன்று. மகன் வாங்கிக் கொடுத்த கார் வீட்டில் சும்மா நிற்கிறது என்று என்னிடம் கற்றுக்கொள்ள வந்தவர். பழங்காநத்தம் ரவுண்டானாவில் வண்டியை ஆஃப் செய்துவிட்டார். பேட்டரி படுத்துவிட்டது. பின்னால் ஒரு டவுன் பஸ், அதன் பின்னால் ஊரே நின்று ஹாரன் அடிக்கிறது.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம்: வண்டி நின்றால் மாஸ்டர்தான் இறங்கித் தள்ள வேண்டும். இறங்கித் தள்ளினேன். பத்தடி போவதற்குள் இருமல் வந்தது. டிக்கியைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, குனிந்து நின்று இருமுகிறேன். யாரோ தோளைத் தொட்டார்கள். பார்த்தால் டீச்சர், சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு நிற்கிறார்.

"மாஸ்டர், நீங்க உள்ள உக்காந்து இருமுங்க. வண்டிய நான் தள்ளிக்கிறேன்."

கடை வரட்டும்

எங்கள் ரூட் பழங்காநத்தத்தில் ஆரம்பித்து, பைபாஸ், காளவாசல் வழியாக நாகமலை புதுக்கோட்டை போய்த் திரும்புவது. புதுக்கோட்டைக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு புளியமரம், அதன் கீழே முத்துவின் பெட்டிக்கடை. பார்க்கிங் பயிற்சியை நான் எப்போதும் அங்கேதான் வைப்பேன். ஏன் என்று உங்களுக்குத் தெரியும். "கடையில தொங்குற வாழைத்தார் சைடு கண்ணாடிக்கு நேரா வந்ததும் பிரேக்" என்று பாடமே வைத்திருந்தேன். வண்டி நிற்பதற்கும் முத்து ஜன்னல் வழியாக என் பிராண்டை நீட்டுவதற்கும் சரியாக இருக்கும்.

விட்ட நாலாம் நாள். ஓட்டியவர் கருப்பையா அண்ணன். பரவை மார்க்கெட்டில் வெங்காயக் கமிஷன் கடை வைத்திருப்பவர். நான் வாயே திறக்கவில்லை. அவராகவே இண்டிகேட்டர் போட்டு, ஓரங்கட்டி, ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, என்னைப் பெருமையாகப் பார்க்கிறார். முத்துவின் கை ஜன்னலுக்குள் வந்துவிட்டது. நான் நாகமலையையே பார்த்துக்கொண்டு "போலாம்ணே, போலாம்ணே" என்று முணுமுணுத்தேன். அன்றைக்கு மட்டும் இப்படி மூன்று பேர் என்னை அந்தக் கடை வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். அத்தனை பேரும் நான் கற்றுக்கொடுத்தவர்கள், யாரைக் குறை சொல்ல?

அடுத்த மாதம் கருப்பையா அண்ணனுக்கு லைசென்ஸ் டெஸ்ட். ஆர்.டி.ஓ. ஆபீஸ் மைதானத்தில் எட்டுப் போட்டார், ரிவர்ஸ் எடுத்தார், எல்லாம் அழகு. இன்ஸ்பெக்டர், "அப்படியே லெஃப்ட்ல ஓரங்கட்டுங்க" என்றார். இண்டிகேட்டர் போட்ட அண்ணன் போகிறார், போகிறார், கழுத்தை நீட்டி இடது பக்கம் எதையோ தேடிக்கொண்டே போகிறார். நான் வெளியே வேப்பமரத்தடியில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். மைதானம் முடியப்போகிறது. உள்ளே என்ன நடந்தது என்பதை அப்புறம் இன்ஸ்பெக்டரே என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். மூன்றாவது தடவையாக அவர் கத்தியதும், அண்ணன் பணிவாக இப்படிச் சொன்னாராம்:

"நிறுத்துறேன் சார், கடை வரட்டும்."

பொறுமைசாலி

எங்கள் ஸ்கூலில் என் கூட்டாளி பாண்டி இன்னொரு கார் ஓட்டுகிறான். அவன் கோபக்காரன், நான் பொறுமைசாலி என்று ஏரியாவில் பெயர். என் பொறுமை அத்தனையும் முத்துவின் கடையில் வாங்கியது என்பது இரண்டாவது வாரத்தில்தான் தெரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். சிக்னலில் பச்சை விழுந்தாலும் கோபம், விழாவிட்டாலும் கோபம். பேங்கில் வேலை பார்க்கும் ஒருவர் கியரைப் போட்டுக் கிளறினார். "அது கியராண்ணே, அகப்பையா? சாம்பாரா கிண்டுறீங்க?" என்று கத்திவிட்டேன். காளவாசல் சிக்னலில் கதவைத் திறந்து இறங்கினார். நடு ரோட்டில் என் காரை அப்படியே விட்டுவிட்டு, ஷேர் ஆட்டோவில் ஏறிப் போய்விட்டார். அந்த வாரத்தில் அப்படிப் போனவர்களில் அவர் இரண்டாவது ஆள்.

சாயங்காலம் பாண்டி எனக்கு டீ வாங்கிக் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து, சாவு வீட்டில் துக்கம் கேட்பதுபோல மெதுவாக ஆரம்பித்தான்.

"அண்ணே, ஒண்ணு நீங்க திரும்பக் குடிங்க, இல்லாட்டி பத்து நாள் லீவு போடுங்க. இருக்குற ஆளுக எல்லாம் நாங்க பஸ்ஸுலயே போய்க்கிறோம்ங்குறாங்க."

மூக்கு வந்து சேர்ந்தது

விட்டவர்களுக்கு மூக்கு திரும்பி வரும் என்பார்கள். வரட்டும், நல்லதுதானே என்று நானும் இருந்தேன். மூன்றாவது வாரம் ஒருநாள் காலையில் கார் கதவைத் திறந்தால் குப்பென்று ஒரு நாற்றம். எலிதான் எங்கேயோ செத்துக் கிடக்கிறது என்று கால்மிதியையெல்லாம் உருவி வெளியே போட்டுத் தேடினேன். பாண்டி வந்து சீட்டை மோந்து பார்த்துவிட்டு, "எலி எல்லாம் இல்லண்ணே, இது நீங்கதான்" என்றான். இத்தனை வருடம் இதற்குள் உட்கார்ந்துதான் மற்றவர்கள் என்னிடம் படித்திருக்கிறார்கள். உண்மையிலேயே வெட்கமாக இருந்தது. டீச்சர் ஏன் எப்போதும் கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டினார் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

அதற்குப் பிறகு எல்லாமே வாசம். கருப்பையா அண்ணன் தெருமுனையில் வரும்போதே வெங்காயம் வந்துவிடும். அதைவிட, கிளட்ச். கிளட்சில் காலை வைத்துக்கொண்டே ஓட்டினால் தட்டு தேய்ந்து கருகும். முன்பெல்லாம் புகை வந்தால்தான் எனக்குத் தெரியும். இப்போது கருக ஆரம்பிக்கும்போதே மூக்கில் ஏறிவிடுகிறது. "காலை எடுங்க, காலை எடுங்க" என்று வழி நெடுகக் கத்திக்கொண்டே வந்தேன். டெஸ்ட்டில் கோட்டைவிட்டு மறுபடி பயிற்சிக்கு வந்திருந்த அண்ணன் கடைசியில் வண்டியை நிறுத்திவிட்டார்.

"மாஸ்டர், நான் முன்னாடியெல்லாம் நல்லாத்தான் ஓட்டிக்கிட்டு இருந்தேன். நீங்க சிகரெட்ட விட்டதுல இருந்துதான் கிளட்ச் கருகுது."

எட்டாத பிரேக்

வாய் சும்மா இருக்காது. டேஷ்போர்டில் ஒரு டப்பா வைத்தேன். கடலைமிட்டாய், பொரிகடலை, நடுவில் நாலு கிராம்பு. சிக்னலுக்கு ஒரு கை, வளைவுக்கு ஒரு கை. இரண்டாவது வாரத்திலிருந்து, நான் நிரப்பாமலே தினமும் காலையில் அந்த டப்பா நிறைந்திருந்தது. ஈஸ்வரிதான். அதைப் பற்றி அவளும் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டால் நின்றுவிடுமோ என்று பயம்.

இரண்டு மாதத்தில் வயிறு முன்னால் வந்துவிட்டது. சீட் பெல்ட் இடித்தது, சீட்டை ஒரு கட்டம் பின்னால் தள்ளினேன். அப்புறம் இன்னொரு கட்டம். அச்சம்பத்து தாண்டி நடு ரோட்டில் ஒரு எருமை, அதன் பாட்டுக்கு நிற்கிறது. ஓட்டுவது சரோஜா டீச்சர். என் பக்கத்து பிரேக்கை மிதித்தேன். மிதித்தேன் என்றுதான் நினைத்தேன், கால் எட்டவில்லை. எருமை பெரிதாகிக்கொண்டே வருகிறது, நான் சீட்டில் வழுக்கிப் படுத்துக்கொண்டு காற்றை மிதிக்கிறேன். வண்டி நின்றது. எருமைக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு முழம்தான் இருந்தது. டீச்சர் கியரை நியூட்ரலுக்குத் தள்ளி, ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பிரேக் நான்தான் போட்டேன் மாஸ்டர். நீங்க படுத்துக்கிட்டு சைக்கிள்தான ஓட்டுனீங்க."

எழுபத்து மூன்றாம் நாள்

கருப்பையா அண்ணனுக்கு இரண்டாவது டெஸ்ட்டுக்கு நாலு நாள் இருந்தது. திண்டுக்கல் ரோட்டில் பரவை பக்கம் போய்க்கொண்டிருக்கிறோம். முன்னால் போன லோடு வண்டி திடீரென்று நின்றது. அண்ணன் பிரேக் என்று நினைத்து ஆக்ஸிலேட்டரை அழுத்திவிட்டார். இனி பிரேக் போட்டாலும் நிற்காது. நான் ஸ்டியரிங்கைப் பிடித்து வலது பக்கம் திருப்பினேன். எதிரே வந்த பஸ்ஸின் முகப்பு என் ஜன்னலை உரசுகிற மாதிரி போனது. இருபத்திரண்டு வருடத்தில் அவ்வளவு பக்கத்தில் பார்த்ததில்லை. வண்டி எதிர் ஓரத்து மண்ணில் இறங்கி நின்றபோது அண்ணன் சிரித்தார், பிறகு அழுதார். அவரைச் சமாதானப்படுத்தி மார்க்கெட் வாசலில் இறக்கிவிட்டேன்.

எதிரே ஒரு கடை. நான் யோசிக்கவே இல்லை. கால் போனது, கை வாங்கியது, கடையில் தொங்கிய கயிற்று நெருப்பில் வாய் பற்றவைத்தது. முக்கால்வாசி இழுத்த பிறகுதான் தலை சுற்றி, என்ன செய்கிறேன் என்பதே தெரிந்தது. நன்றாக இருந்ததா என்றால், நன்றாகத்தான் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன். கீழே போட்டு மிதித்தேன். உடனே மூளை பழைய வேலையில் இறங்கியது. மார்க்கெட் ஓரம் ஒரு அம்மா கொய்யாப்பழம் விற்றுக்கொண்டிருந்தார். இரண்டு கொய்யா இலையை மென்று துப்பினால் வாயில் வாசம் போய்விடும். எலுமிச்சைத் தோலைத் தேய்த்தால் விரலில் போய்விடும். எட்டு மாதம் செய்து தேர்ந்தவன் நான். இலையைக்கூடப் பறித்துக் கையில் வைத்துக்கொண்டேன். ஆனால் ஈஸ்வரி மறுபடியும் தலை நிமிராமல் "சரிங்க" என்பாளே. இலையைப் போட்டுவிட்டு வண்டியை எடுத்தேன்.

வீட்டில் ஈஸ்வரி துணி மடித்துக்கொண்டிருந்தாள். நான் செருப்பைக்கூடக் கழற்றவில்லை, வாசலில் நின்றே சொன்னேன். "இன்னைக்கு ஒண்ணு குடிச்சிட்டேன். முக்கால்வாசி. பரவையில வச்சு."

அவள் மடித்த துணியைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். எத்தனை நாளாயிற்று அப்படி அவள் பார்த்து.

"அதுக்கு முன்னாடி?"

"எழுபத்திரெண்டு நாளா ஒண்ணுகூட இல்ல."

கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவளுக்கு இல்லை, எனக்குத்தான். அவள் எழுந்து கொடியிலிருந்த துண்டை எடுத்து என் தோளில் போட்டாள்.

"அந்த எழுபத்திரெண்டு நாள நான் இன்னைக்குத்தாங்க நம்புறேன். போய்க் குளிச்சிட்டு வாங்க, நாறுது."

இது நடந்து மூன்று மாதம் ஆகிறது. விட்டாச்சா என்று கேட்பவர்களுக்கு "இன்னைக்கு வரைக்கும்" என்று மட்டும்தான் பதில் சொல்கிறேன், அதுவும் சாயங்காலம் கேட்டால்தான்.