சாவியும் விலாசமும்

என் வீட்டுக்காரருக்குத் தொழில் பூட்டு ரிப்பேர். சாவிக்காரர் என்றால்தான் எல்லாருக்கும் தெரியும். பஸ் நிற்கும் இடத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் கடை. உள்ளே ஒருவர் நின்றால் அடுத்தவர் வெளியேதான் நிற்க வேண்டும். அதிலும் ஒரு மூலையில் நான் தையல் மெஷினைப் போட்டுப் பைகளுக்கு ஜிப் மாற்றிக் கொடுக்கிறேன்.

மாற்றுச் சாவிக்கு யார் வந்தாலும் பெயர் கேட்க மாட்டார், வீடு எங்கே என்றும் கேட்க மாட்டார். என் நூல்கண்டிலிருந்து ஒரு கலர் நூலை இழுத்து இரண்டாக அறுப்பார். ஒரு துண்டு சாவியில், மறு துண்டு வந்தவர் கையில். நூலைக் காட்டினால் சாவி. “சாவியும் விலாசமும் ஒரே டப்பாவுல தூங்கக் கூடாது” என்பார். சாவி தொலைந்தாலும் யார் வீடும் தொலையக் கூடாது என்று அர்த்தம்.

போன வருஷம் கடவுள் அவர் காதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி வாங்கிக்கொண்டார். எதிரில் நின்றால் உதட்டைப் பார்த்தே புரிந்துகொள்வார். போனில் உதட்டுக்கு எங்கே போவது? அழைத்தவர்கள் அலுத்துப்போய் வேறு கடை பார்த்தார்கள். செல்போன் கடையில் வேலை செய்யும் என் தம்பிதான் வழி சொன்னான்.

“மாமா, எழுதிக் கேட்டா எழுதியே பதில் சொல்ற ஏஐ இருக்கு. சாட்பாட்டுன்னு பேரு. உங்க கடைக்கு ஒண்ணு போட்டுத் தர்றேன்.”

“சம்பளம் கேக்குமா மாப்ள?”

“கேக்காது. உங்கள மாதிரி ஆங், ஆங்னும் கேக்காது.”

சிரித்துக்கொண்டே தலையாட்டினார். பொய் சொல்லக் கூடாது, அது வந்த பிறகு வேலையும் வந்தது. யார் என்ன திட்டினாலும் கோபப்படாமல் பதில் சொல்லும். எங்கள் இரண்டு பேருக்கும் இல்லாத குணம் அது. என்ன பூட்டு, எந்த வீடு, எப்போது வரலாம் என்றெல்லாம் விசாரித்து வைக்கும். வேலை எந்த அளவில் இருக்கிறது என்று யார் கேட்டாலும் சொல்லட்டுமே என்று தம்பி எல்லாருடைய செய்தியையும் அதற்குள்ளேயே சேர்த்து வைத்திருந்தான். நாங்களும் அதில் தப்பு இருப்பதாக நினைக்கவில்லை.

தனியாக வசிக்கும் ஒரு நர்ஸம்மா, வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், பின்கதவுப் பூட்டு சரியாக விழவில்லை என்று எழுதியிருந்தார். தங்கை வீட்டுக்குப் போவதாகவும் வெள்ளிக்கிழமை திரும்புவதாகவும், அது கேட்டதற்கெல்லாம் பதில் எழுதியிருந்தார். மறுநாள் காலை கடையில் போனைப் பார்த்த என் வீட்டுக்காரர் கையிலிருந்த அரத்தைக் கீழே வைத்துவிட்டார். யாரோ ஒருவன், ‘நான் அந்தம்மாவோட சொந்தக்காரன், பின்கதவு வேலை முடிஞ்சுதா?’ என்று கேட்டிருக்கிறான். ‘இன்னும் இல்லை. அவர் வெள்ளிக்கிழமைதான் வருகிறார். அதற்குப் பிறகு சரிசெய்து தருவோம்’ என்று இது பதவிசாகப் பதில் சொல்லியிருக்கிறது.

உடனே நர்ஸம்மாவுக்கு எழுதினார். ‘தங்கச்சியத் தவிர எனக்கு யாரு இருக்கா?’ என்று பதில் வந்தது. அவரிடம் அனுமதி வாங்கி, பின்கதவுக்கு வெளியே பெரிய பூட்டாகப் போட்டுவிட்டு, அந்த அம்மா வரும்வரை அங்கேயே காவல் கிடந்தார். கடவுள் புண்ணியத்தில் எவனும் வரவில்லை.

வெள்ளிக்கிழமை நானும் தம்பியும் அங்கே போனோம். நர்ஸம்மாவுக்குத் தொண்டையில் ஆபரேஷன் நடந்ததாம், வெறும் காற்றுத்தான் வருகிறது என்று அங்கேதான் தெரிந்தது. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. இவரோ உதட்டைப் பார்த்துச் சளைக்காமல் பேசினார்.

“தப்பு என் கடை மேலதாம்மா. இன்னைக்கே அத எடுத்துடுறேன்.”

அந்த அம்மா சொன்னதை இவர்தான் எங்களுக்குச் சொன்னார். “எடுத்துட்டா நான் எப்படிக் கூப்பிடறதாம்? எனக்குக் குரல் இல்ல, உங்களுக்குக் காது இல்ல, நல்ல பொருத்தம்னு சிரிக்கிறாங்க. ஊசியும் ஆபத்துதானாம். அதுக்காகப் போடாம இருந்தோமா, அளவு பாத்துத்தான போட்டோம்னு கேக்கறாங்க.”

தம்பி தலையைக் குனிந்துகொண்டான். “அதுக்குத் தெரியாதத அதால சொல்ல முடியாது மாமா. தெரிய வச்சது நாமதான்.”

“அப்போ அதுக்கும் நூல மட்டும் குடு மாப்ள” என்றார் இவர்.

இப்போது அது பூட்டு எப்படிப்பட்டது என்று மட்டும் கேட்கிறது. ஒருவர் செய்தி இன்னொருவருக்குப் போகாதபடி தம்பி பிரித்துவிட்டான். விலாசத்தை இவருடைய சொந்தப் போனுக்குத்தான் எழுத வேண்டும். வேலை முடிந்ததும் அழித்துவிடுவார். ‘இதென்ன சுத்தி வளைச்சு’ என்று சிலர் வராமல் போய்விட்டார்கள். போகட்டும்.

ஆனாலும் சிலர் கேட்காமலேயே அதனிடம் வீடு, வாசல், ஊருக்குப் போகும் நாள் எல்லாவற்றையும் கொட்டிவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பொறுமையாகக் கேட்பவரிடம் மனசு திறந்துகொள்கிறது. நானும் தினமும் எல்லாவற்றையும் கடவுளிடம் கொட்டுகிறவள்தான். அவர் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

காலையில் கடை திறந்ததும் இவர் முதலில் போனை எடுத்து அந்த விலாசங்களைத் தேடித் தேடி அழிக்கிறார். முடிந்ததும் என்னைப் பார்த்துத் தலையசைப்பார். பிறகுதான் இருவரும் கண்ணை மூடிக் கும்பிடுகிறோம்.