விட்டுப்போன கம்பியும் கௌதமியும்

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஷேர் ஆட்டோ சிக்கி நின்றபோது கௌதமியின் தம்பி அழைத்தான். "யக்கா, எங்கக்கா நம்மள வுட்டுட்டுப் பூட்சுக்கா" என்றான். மஞ்சள் காமாலை என்று தெரியும். இவ்வளவு சீக்கிரம் என்று தெரியாது. நான் வீடு போய்ச் சேர்வதற்குள் பழைய ஆய்வுக்கூட வாட்ஸ்அப் குழுவில் எங்கள் பேராசிரியரின் இரங்கல் வந்துவிட்டது. "என் அருமை மாணவி" என்று எழுதியிருந்தார். எனக்கு அழுகைக்கு முன்னால் ஆத்திரம்தான் வந்தது. அவளை அறிந்தவர்களே, என்னைச் சமாதானப்படுத்த வேண்டாம், கூடச் சேர்ந்து கோபப்படுங்கள்.

எண்ணூர்ப் பக்கத்து ஆய்வுக்கூடத்தில் நாங்கள் ஒரே வருஷம் சேர்ந்தோம். அவள் வியாசர்பாடி, ரயில்வே தொழிலாளியின் மகள். கண்ணாடிச் சில்லில் நுண்ணிய தங்கத் துணுக்குகளைப் படியவைத்து, அவை ஒளியை எப்படிப் பிடித்து வளைக்கின்றன என்று அளப்பாள். அனல்மின் நிலையத்திலிருந்து காற்றில் வரும் சாம்பல் ஒரு பொட்டு விழுந்தாலும் சில்லு குப்பைக்குத்தான். அதனால் ஜன்னல் இடுக்குகளில் ஈரத்துணி அடைத்துவிட்டே உட்காருவாள். ஒருமுறை வீட்டில் சில்லைக் காட்டினாள். "தங்கம்னியே, செவப்பா கீதேடி?" என்றார் அம்மா. "அவ்ளோ பொடியாக்கினா அது வெளிச்சத்த வேற மாதிரி முழுங்கும்மா. கம்மல் பண்ண முடியாது, ஆசப்படாதே" என்றாள்.

பேராசிரியருக்கு அந்தத் தங்கம் போதவில்லை. துளியும் தடையில்லாமல் மின்சாரத்தைக் கடத்துகிற, பழைய விதிகளுக்கு அடங்காத புதுவகை மீக்கடத்தி ஒன்றைக் கண்டுபிடித்துப் பெயர் வாங்க வேண்டும். ஒருநாள் திரவ ஹீலியத்தின் குளிரில் அதற்காக நாங்கள் வளர்த்த படிகத்தின் மின்தடை சட்டென்று சுழியத்துக்கு இறங்கியது. ஸ்வீட் வந்தது. கௌதமி மட்டும் தொடவில்லை. உருப்பெருக்கியில் பார்த்துவிட்டு, மின்னழுத்தம் அளக்கும் கம்பியின் வெள்ளிப்பசை வாய் பிளந்திருப்பதாகச் சொன்னாள். குளிரில் பசை விட்டுப்போகும், சூடேறினால் மறுபடி ஒட்டிக்கொள்ளும். கம்பி விட்டுப்போனாலும் மீட்டர் சுழியம் காட்டக்கூடும்.

"முதல்ல தமிழ ஒழுங்கா பேசக் கத்துக்கோ. வாயத் திறந்தா கூவம்" என்றார் அவர்.

"நா எப்டி பேசினா இன்னா சார்? கம்பி வுட்டுகினு கீது" என்றாள் அவள்.

கட்டுரை வெளிவந்தது. அவருக்கு மாலை விழுந்தது. அதே கையோடு அவளுடைய தங்க ஆய்வையும் அவள் பெயரில்லாமல் வெளியிட்டார், அவளுடைய முனைவர் பட்ட ஆய்வேட்டில் கையெழுத்துப் போட மறுத்தார். கௌதமி மீஞ்சூரில் ஒரு தண்ணீர்ப் பரிசோதனைக்கூடத்தில் வேலைக்குப் போனாள். அங்கேயும் ஒவ்வொரு அளவையும் இரண்டு முறை எடுப்பாளாம். "ஒரு தபா வந்தா அது நம்ம ஆசை. ரெண்டு தபா வந்தாதான் அளவு" என்பாள்.

போன ஞாயிறு வியாசர்பாடியில் நினைவுக்கூட்டம். பேராசிரியர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். கௌதமியின் ஆய்வு நோட்டு ஆய்வுக்கூடத்தின் சொத்து, அதை வாங்கிப்போக வந்தேன் என்று அவள் அம்மாவிடம் சொன்னார். அம்மா நோட்டை என் கையில் கொடுத்தார். மீட்டர் சுழியம் காட்டிய அந்த நாளின் பக்கத்தைப் பிரித்தேன். பிளந்த பசையின் படம் ஒட்டியிருந்தது. கீழே அவள் கையெழுத்து. கூட இருந்து பார்த்தவர் போட வேண்டிய கோடு காலியாக இருந்தது. அன்று கூட இருந்து பார்த்தது நான். என் ஆய்வேடும் பேராசிரியர் கையில் இருந்ததால், அவள் போடச் சொன்னபோது பயந்து நழுவினேன். இந்த ஆத்திரத்தில் பாதி என் மேல்தான்.

எழுந்து நின்று அந்தப் பக்கத்தைச் சத்தமாகப் படித்தேன்.

"அப்போ எம்பொண்ணு சொன்னது கரெக்டுதானே சார்?" என்று கேட்டார் அம்மா.

"அதெல்லாம் டெக்னிக்கல் விஷயம்மா" என்று சொல்லிச் செருப்பைத் தேடினார் அவர்.

அங்கேயே அந்தக் கோட்டில் கையெழுத்துப் போட்டேன், நினைவுக்கூட்ட நாளின் தேதியோடு. மறுநாள் அந்தப் பக்கத்தைப் படமெடுத்து, கட்டுரையை வெளியிட்ட இதழுக்கு அனுப்பினேன். செத்தவள் பேரைச் சொல்லிப் பழிவாங்குகிறாயா என்று ஒரு நண்பர் கேட்டார். ஆமாம், பழிதான் வாங்குகிறேன்.

கௌதமியிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது அந்த நோட்டு. அது வேண்டுமென்றால் தாராளமாக வாருங்கள் சார். வரும் வழியில் வியாசர்பாடியில் இறங்கி, அவள் அம்மா கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டு வாருங்கள்.