குழிக்குள் போட்ட ஒரு பிடி மண்

லண்டனில் இடிந்துபோன ஒரு பழைய தேவாலயத்தின் அகழாய்வில் மண் தோண்டும் வேலை எனக்கு. அன்று நான் துப்புரவாக்கிய புதைகுழியில் ஒரு பெண்ணின் எலும்புக்கூடு கிடந்தது. குழி மண்ணைச் சோதனைக்கு அனுப்பும்வரை வெளிமண் துளியும் சேரக்கூடாது என்பது கண்டிப்பு.

குழியிலிருந்து ஏறி வந்ததும் என் கை தானாகவே ஒரு பிடி மண்ணை அள்ளி உள்ளே போட்டுவிட்டது. எங்கள் ஊரான மன்னாரில் நாங்கள் யாரை அடக்கம் செய்தாலும் மண் போடாமல் திரும்பமாட்டோம். அம்மாவின் அடக்கத்துக்கு மட்டும், அகதி வழக்கு முடியாததால், நான் போகவில்லை.

என் கைமேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது.

"ஒருத்தரும் காணேல்லை, பேசாமல் இரும். சொன்னால் வேலை போயிடும்," என்றார் கூட வேலைசெய்த அன்ரன் அண்ணை.

"ஏலாது அண்ணை. சொல்லப்போறன்."

மேற்பார்வையாளரிடம் அம்மாவின் கதையையும் சேர்த்துச் சொன்னேன். அந்த ஆங்கிலேயப் பெண்ணின் முகம் சிவந்தது.

"இந்த மண் இனிச் சோதனைக்கு உதவாது," என்றார். குழியைக் குனிந்து பார்த்தார். பிறகு அதன் பதிவுத்தாளில் எழுதி என்னிடம் நீட்டினார்: 'மேலே ஒரு பிடி மண். இன்று ஒரு மகன் போட்டது.'

வேலை போகவில்லை. ஆனால் அம்மாவுக்கு நான் மண் போட்டதாக உலகத்தில் எழுதியிருப்பது, நான் கெடுத்த அந்தக் குழியின் தாளில் மட்டும்தான்.