மினுக்கைக் குறைக்கும் அத்தான்

பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து, சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு, முன்கையை வெயிலில் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என் அத்தான். கை முழுக்கப் பட்டை பட்டையாகப் பளபளக்கும் பூச்சு. பக்கத்திலிருந்தவர் மெல்ல எழுந்து நின்றுகொள்கிறார். அத்தானுக்கு அதெல்லாம் கண்ணில் படாது. "மூணாவது பட்டை இன்னும் மினுங்கித் துள்ளுதுடா," என்கிறார், வயிற்றுவலியைச் சொல்கிற குரலில்.

அக்காவின் வீட்டுக்காரர். முகப்பூச்சு ஆலையில் நிறம் சேர்க்கிறவர். ஊரே மினுக்குவதற்கு அலைகிறது. மினுக்கைக் குறைக்கச் சம்பளம் வாங்குகிறவர் எனக்குத் தெரிந்து இவர் ஒருவர்தான்.

பூச்சில் மின்னுவது காக்காப்பொன், அதாவது மைக்காத் தூள். சுரங்கப் பொந்துக்குள் சின்னப் பிள்ளைகள் நுழைந்து அதைப் பொறுக்குகிறார்கள் என்று தெரிந்ததிலிருந்து அத்தானுக்கு அதைத் தொடவே கை கூசுகிறது. நச்சரித்து நச்சரித்து, உலையில் செய்கிற செயற்கைச் சரக்கை வரவழைத்தார். வந்ததோ படுசுத்தம், படுவெள்ளை. வாடிக்கைப் பெண்கள் "இது பழைய நிறமில்லை" என்று டப்பாக்களைத் திருப்பியனுப்பிவிட்டார்கள். பழைய நிறம் வராவிட்டால் மறுபடி சுரங்கச் சரக்குதான் என்று முதலாளி சொல்லிவிட்டார். அன்றிலிருந்து இந்த மனுஷன் துருநிறப் பொடியைச் சிட்டிகை சிட்டிகையாகக் கலந்துகொண்டிருக்கிறார். "ரொம்ப நல்லவனா இருக்கான்டா. கொஞ்சம் கெடுக்கணும்."

திருப்பியனுப்பியவர்களுக்கெல்லாம் தலைவி என் அம்மா. "என்ன மாப்பிள்ளை, எவர்சில்வர் குண்டான் மாதிரி மின்னுறேன்! செயற்கைன்னா கண்ணு போயிடாதா?"

"போகாது அத்தை. மண்ணோட வர்ற ஈயம் கீயமெல்லாம் இதுல கம்மி. தூளை மூக்குல இழுக்காம இருந்தாச் சரி."

"உலை எரியக் கரண்ட் ஆகாதாக்கும்?"

"அது... நிறையவே ஆகுது," என்று தலையைச் சொறிந்தார். பிழைக்கத் தெரியாத மனுஷன்! எனக்கு அவரைப் பிடிப்பதே இதனால்தான்.

"உங்க மாமியார் ஒத்துக்கிட்டா ஊரே ஒத்துக்கும். நாளைக்குள்ள சொல்லுங்க," என்று முதலாளி கெடு வைத்துவிட்டார். அத்தான் ஒரே மாதிரி இரண்டு டப்பாக்களைக் கொண்டுவந்து அம்மாவின் முன் வைத்தார். ஒன்றில் அவள் பதுக்கி வைத்திருந்த பழைய பூச்சு, மற்றதில் புதுக் கலவை. எதில் எது என்று அவளுக்குச் சொல்லவில்லை.

அம்மா கன்னத்துக்கு ஒன்றாகப் பூசிக்கொண்டு கண்ணாடி முன் நின்றாள். நின்றாள், நின்றுகொண்டே இருந்தாள். அத்தானின் காது சிவந்துவிட்டது.

"இதுதான் என்னோடது," என்று கடைசியில் வலது கன்னத்தைத் தொட்டாள். "பாந்தமா உக்காந்திருக்கு. அந்தப் பக்கம் உங்க புதுசு, சீ, சுவத்துக்குச் சுண்ணாம்பு அடிச்ச மாதிரி!"

வலது கன்னத்தில் இருந்ததுதான் புதுசு.

"இதெல்லாம் ஒரு பூச்சா?" என்று, இத்தனை நாள் பொத்திப் பொத்தி வைத்திருந்ததை டப்பாவோடு குப்பைக்கூடையில் வீசினாள்.

அத்தான் பாய்ந்து போய்க் கூடையை மூடி, அந்த மூடியின் மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டார்.