தனுஷ்கோடி வரைக்குமாவது

என் முதல் மனைவிக்குக் கடலைப் பார்க்க வேண்டும் என்று ஆசை. பார்க்காமலே போய்விட்டாள். பார்த்திருக்கலாம், நான்தான் விடவில்லை. இதை என் இரண்டாவது மனைவியிடமும் சொன்னதில்லை, பிள்ளைகளிடமும் சொன்னதில்லை. அவள் நோயில் இறந்தாள் என்று எல்லோருக்கும் தெரியும். அது உண்மைதான். கடலைப் பார்க்காமல் இறந்ததற்கு மட்டும் நோய் காரணமில்லை.

யுத்தத்தின்போது பிடுங்கிப்போன தண்டவாளத்தை மறுபடி போட்டு, போடிக்கு ரயில் வரத் தொடங்கியிருந்த சமயம் அது. நான் மதுரையில் பி.ஏ. முடித்துவிட்டு, அப்பாவின் ஏலக்காய்க் கடையில் உட்கார்ந்திருந்தேன். போடிமெட்டுக்கு அப்பால் எங்களுக்கு ஒரு தோட்டமும் இருந்தது. ஆவணியில் கல்யாணம். அவள் பக்கத்து ஊரான சிலமலைக்காரி. அண்ணனோடு நிலக்கடலைக் காட்டில் வேலை செய்து வளர்ந்தவள். எழுத்துக்கூட்டிப் படிப்பாள், கணக்கு நன்றாகப் போடுவாள், யாராவது ஜம்பம் அடித்தால் அடக்கமாக ஒரு கேள்வி கேட்டு ஆளைக் கவிழ்த்துவிடுவாள்.

கல்லூரி விடுதியில் என் அறையில் இருந்தவன் இலங்கைக்காரன், கண்டிப் பக்கம். அவன் பேச்சில் மயங்கித்தான் எனக்கு அந்தத் தீவின் மேல் பித்துப் பிடித்தது. சிவனொளிபாத மலையில் விடியற்காலை ஏறி நின்றால் மலையின் நிழல் முக்கோணமாக ஊர்களின் மேல் விழும் என்பான். தெற்கே போனால் தென்னந்தோப்பு முடிகிற இடத்தில் மணல், மணல் முடிகிற இடத்தில் கடல் என்பான். கல்யாணம் ஆனதும் மனைவியோடு வா என்று எழுதியிருந்தான். தோட்டத்தில் கடைசி ஏலக்காய் எடுப்பு முடிந்ததும் மாசியில் போய்விடுவது என்று முடிவு செய்தேன். தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், பிறகு கண்டி, மலை, கடற்கரை.

அவளிடம் சொன்னபோது மலையைப் பற்றிச் சொன்னதெல்லாம் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை.

"கடல்ல கால வைக்க விடுவாகளா?" என்றாள்.

"யாரு விடணும்? அதென்ன உங்க அண்ணன் வயலா, வரப்புல நின்னு கேக்குறதுக்கு?"

"நீங்க பாத்திருக்கீகளா?"

"ம்" என்றேன்.

நான் பார்த்ததில்லை. மதுரையில் நாலு வருஷம் இருந்தும் ராமேஸ்வரம் போனதில்லை. படித்தவன் கடலைப் பார்த்ததில்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

அப்பாவிடம் சொல்வது பெரும்பாடாக இருந்தது. எங்கள் பக்கத்தில் அந்தக் காலத்தில் சும்மா பார்ப்பதற்காக யாரும் எங்கும் போனதில்லை. கோயிலுக்குப் போவார்கள், கல்யாணத்துக்குப் போவார்கள், சரக்கு விற்கப் போவார்கள்.

"எங்க?" என்றார்.

"கண்டிக்குப்பா."

"கண்டிக்குப் போறவன் பஞ்சம் பொழைக்கப் போறான். உனக்கு இங்க என்னடா கொறச்சல்?"

"வேலைக்கு இல்லப்பா. மலை, கடல் எல்லாம் சும்மா பாத்துட்டு வரலாம்னு."

அப்பா தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைப்பதை நிறுத்திவிட்டுப் பின்பக்கம் இருந்த மலையைத் திரும்பிப் பார்த்தார். "இது என்னது? குப்பமேடா?"

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அன்று மாலைக்குள் போடி பூராவும் தெரிந்துவிட்டது. என் மைத்துனர் சிலமலையிலிருந்து வந்தவர், "மாப்ளே, தேவாரம் ஊர்ப் பக்கம் ஆனை எறங்கிக் கரும்பத் திங்குதாம். அதையும் சும்மா ஒரு தடவ போயி பாத்துட்டு வர்றது" என்றார். நான் விட்டுக்கொடுக்கவில்லை. சிரித்தவர்களிடமெல்லாம் மலையின் உயரத்தைச் சொன்னேன். பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டேன். போகாமல் இருக்க முடியாத அளவுக்கு நானே பேசிவிட்டேன்.

அவள் ஒரே ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். "மலைதான் வீட்டுக்குப் பின்னாடியே இருக்கே. எனக்குக் கடல் மட்டும் போதுங்க."

"கடலை நொண்டிகூடப் பாத்துருவான். அந்த மலைல ஏறி நின்னாத்தான் போனதுக்கு அர்த்தம்" என்றேன்.

அதற்காக அவளைப் பழக்கத் தொடங்கினேன். தோட்டத்துக்கு அரிசி லோடு ஏற்றிக்கொண்டு ஜீப்பு போகும். நாங்கள் அதில் மலையடிவாரத்து முந்தல் வரை மட்டும் போய் இறங்கி, பழைய குறுக்குப் பாதையில் மேலே மெட்டுக்கு நடப்போம். முதல் நாளே பாதி வழியில் அவளுக்கு மூச்சு வாங்கியது. சாதாரண மூச்சு வாங்கல் இல்லை. பேச முடியாமல் கையால் சைகை காட்டினாள்.

இந்த இடத்தில் எங்கள் மலையில் இருந்த ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். கீழேயிருந்து காய் எடுக்கப் புதிதாக வருகிறவர்களுக்கு முதலில் மூச்சு முட்டும், கால் வீங்கும். அதை யாரும் நோய் என்று சொல்வதில்லை. "இன்னும் மலை புடிக்கல" என்பார்கள். அதற்கு வைத்தியமும் உண்டு. வாயில் ரெண்டு ஏலக்காயை அடக்கிக்கொண்டு நடக்க வேண்டும். உட்காரவே கூடாது. உட்கார்ந்தவனுக்கு மலை பிடிக்காது, அவன் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். அநேகமாக எல்லோருக்கும் கொஞ்ச நாளில் சரியாகிவிடும். அதனால் அந்த வைத்தியத்தின் மேல் எங்களில் யாருக்கும் சந்தேகமே வந்ததில்லை.

எங்களோடு நடந்துவந்த தோட்டத்துக் கங்காணியும் அதைத்தான் சொன்னார். "உக்கார விடாதீக தம்பி. உக்காந்தா மூச்சு மலைக்குப் பயந்துரும். ஆத்தா, வாயில காயப் போடு. வெரசா நட, தன்னால சரியாப் போகும்."

அவள் நடந்தாள். வாரத்துக்கு ஒரு முறை நடந்தாள். ஐப்பசி மழையில் பாதை வழுக்கியபோதுதான் விட்டோம். கார்த்திகையில் மறுபடி தொடங்கினோம். மெட்டுக்குப் போய்ச் சேரும்போது உதடு நீலம் பாரித்திருக்கும். குளிர் என்று நினைத்தேன். சாயங்காலம் கணுக்கால் வீங்கும். மலைத் தண்ணி சேரவில்லை என்றார்கள், நானும் அதையே சொன்னேன். ஒரு தடவை ஒரு பாறையைக் கண்டதும் ஆசையோடு அதன் பக்கம் போனாள். நான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டேன். நல்லதைச் செய்கிறோம் என்று நினைத்து, சிரித்துக்கொண்டேதான் இழுத்தேன். "கண்டி மலைல உனக்கு யாரு பாறை போட்டு வச்சிருப்பா?" என்றேன். அவளும் சிரிக்கப் பார்த்தாள்.

மார்கழியில் மெட்டில் நின்று பார்த்தால் கீழே பள்ளத்தாக்கு முழுக்கப் பனிமூட்டம் அடைத்திருக்கும். போடியும் தெரியாது, சிலமலையும் தெரியாது. அதைப் பார்த்துக்கொண்டு அவள் நெடுநேரம் நிற்பாள். ரசிக்கிறாள் என்று நினைத்தேன். நிற்பதற்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது என்பது பிறகுதான் புரிந்தது.

தை மாதக் கடைசியில் வீட்டு மாடிப்படியில் ஏறும்போது விழுந்தாள். மதுரைக்குக் கூட்டிப் போனோம். டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார். சின்ன வயதில் மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்ததுண்டா என்று விசாரித்தார். என் மைத்துனர் தலையைக் குனிந்துகொண்டார். "வந்துச்சு. ஒரு வருசம் படுக்கையில கெடந்தா. நல்லாப் போச்சேன்னு சொல்லாம விட்டுட்டோம், மாப்ளே." அந்தக் காய்ச்சல் அப்போதே இதயத்தைக் கெடுத்துவிட்டது என்றார் டாக்டர். மலை ஏறினாளா என்று கேட்டார். ஏறினாள் என்றேன். எத்தனை தடவை என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ தெரியாது.

மலை ஏற்றியதற்கு என்னை மன்னிக்கலாம் என்றுதான் நினைக்கிறேன். எனக்குத் தெரியாது, அவர்கள் சொல்லவில்லை, ஊர் வழக்கம் அப்படி. நான் எழுத வந்தது அதற்குப் பிறகு நடந்தது.

பாஸ்போர்ட்டு மாசியில் வந்தது. அவள் கீழ் அறையில் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்திருந்தாள். படுத்தால் மூச்சு முட்டும். அதை வாங்கிப் பார்த்து, தன் படத்தைப் பார்த்து, "திருட்டு முழி முழிக்கிறேன்" என்றாள். பிறகு, "ஏங்க, கண்டி வேண்டாம். தனுஷ்கோடி வரைக்குமாவது போயிட்டு வருவமா? ரயில் கடல் ஓரமா நிக்குமாமே. எறங்குனா கடலாமே. மலையே கெடையாதாமே" என்றாள். யாரிடமோ நன்றாக விசாரித்து வைத்திருந்தாள்.

டாக்டரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். மருந்து வாங்க மதுரைக்குப் போனபோது கேட்கவும் செய்தேன். அவர் கொஞ்சம் யோசித்தார். "உட்கார்ந்துகொண்டுதானே போகப் போகிறாள். வெயில் முற்றுவதற்குள் கூட்டிப் போங்கள். இந்த நிலையில் இந்தப் பெண் ஆசைப்பட்டதை மறுக்கக் கூடாது" என்றார்.

வீட்டுக்கு வந்து, டாக்டர் கூடாது என்றார் என்று அவளிடம் சொன்னேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று ஐம்பது வருஷத்துக்கு மேலாக யோசித்திருக்கிறேன். வழியில் ஏதாவது ஆகிவிட்டால் நான்தான் கொன்றேன் என்பார்களே என்ற பயம் ஒரு காரணம். இந்தக் காரணத்தை மட்டும் வைத்துக்கொள்ளப் பல வருஷம் முயன்றேன். இன்னொன்றும் இருந்தது. ஊர் முழுக்கக் கண்டி கண்டி என்று பேசிவிட்டு, தனுஷ்கோடியில் நின்று, கப்பல் மற்றவர்களை ஏற்றிக்கொண்டு போவதைப் பார்த்துவிட்டுத் திரும்புவது எனக்குப் பிடிக்கவில்லை. கடையில் சிரிப்பார்களே என்று நினைத்தேன். "நல்லாகட்டும், முழுசாவே போவோம்" என்று அவளிடம் சொன்னேன். நல்லாகாது என்பது எனக்குத் தெரியும்.

பங்குனி போனது, சித்திரை போனது. இன்னொரு தடவை கேட்பாள் என்று எதிர்பார்த்தேன். கேட்டிருந்தால் கூட்டிப் போயிருப்பேன் என்று சொல்லிக்கொள்வதுண்டு. அவள் கேட்கவில்லை. வைகாசியில் அவளால் நிமிர்ந்து உட்காரவே முடியாமல் போன பிறகு அந்தப் பேச்சுக்கு இடமில்லை.

ஆனியில் ஒரு மத்தியானம் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். "கடல் எப்படி இருக்கும்? நீங்க பாத்திருக்கீகல்ல, சொல்லுங்க" என்றாள்.

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். தெரிந்த ஒன்றைத்தான் சொன்னேன். "மார்கழியில மெட்டுல நின்னு பாப்பமே, கீழ பனி அடைச்சிருக்குமே, அந்த மாதிரி. கண்ணு எட்டுற மட்டும் வெள்ளையா, சமமா."

"ஆடுமா?"

"லேசா ஆடும்."

"சத்தம்?"

"சத்தமே இருக்காது. அமைதியா இருக்கும்."

கண்ணை மூடிப் பார்த்தாள். பிறகு, "அப்ப நான் பாத்தாச்சு" என்றாள். முகத்தில் சிரிப்பு இருந்தது. "வீணா உங்களப் போட்டு நச்சரிச்சிருக்கேன்."

எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்பதைச் சொன்னால்தான் இது முழு ஒப்புதல் ஆகும். தப்பித்துவிட்டேன் என்று நினைத்தேன். வாயைத் துடைத்துவிட்டேன். ஆடி பிறந்து, முதல் காய் எடுப்புக்கு ஆட்கள் மலை ஏறிப் போன வாரத்தில் அவள் போய்விட்டாள். மைத்துனர் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். "நீங்க குறை வைக்கல மாப்ளே" என்றார். நான் மறுக்கவில்லை.

மறு வருஷமே எனக்கு வேறு கல்யாணம் செய்து வைத்தார்கள். நல்லவள். பையன் பிறந்து, முதல் மொட்டை போட எல்லோருமாகத் திருச்செந்தூர் போனோம். முடியிறக்கி, சந்தனம் பூசிய பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் மணலில் இறங்கினேன். வெள்ளையும் இல்லை, சமமும் இல்லை. தூரத்திலிருந்தே எழும்பி எழும்பி வந்து, காலடியில் இடிந்து விழுந்தது. ஒன்று விழுந்து முடிவதற்குள் அடுத்தது. பேசுவதற்குக் கத்த வேண்டியிருந்தது. பிள்ளை மிரண்டு என் கழுத்தைக் கட்டிக்கொண்டான்.

என் மனைவி முழங்கால் வரை புடவை நனைய நின்றுகொண்டு திரும்பி என்னைப் பார்த்துக் கத்தினாள். "ஏங்க, இது வாயே மூடாதா? இம்புட்டுச் சத்தம் போடும்னு யாருமே சொல்லலையே!"

"எனக்கும் தெரியாது" என்றேன்.

"மதுரையில படிச்சவுகளுக்கா தெரியாது?" என்று சிரித்துவிட்டு அவள் அடுத்த அலைக்குத் திரும்பிக்கொண்டாள்.

பிள்ளையை அப்பாவிடம் கொடுத்துவிட்டுக் கரைமேல் ஏறிப் போய், கோயில் மதிலைப் பார்த்து உட்கார்ந்தேன். சாப்பிடக் கூப்பிட்டார்கள், பசியில்லை என்றேன். கடலைப் பார்க்காமல் இருக்க முடிந்தது. கேட்காமல் இருக்க முடியவில்லை.