பேராசிரியர் தணிகாசலமும் என் வாழ்க்கைக் குறிப்பும்

நினைவு மலர்க் குழுவினரிடமும் பேராசிரியர் தணிகாசலத்தை அறிந்த எல்லோரிடமும் முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். அவரைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் நிறைய இருக்கிறார்கள். வேதியியல் துறையில் இரண்டு வருஷம் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, கேட்டால் மட்டும் பதில் சொன்னவள் நான். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் என்பதால், எந்தச் சபையில் எதைச் சொல்லலாம் என்பது இன்னும் எனக்குச் சரியாகப் பிடிபடவில்லை. இரண்டு பக்கம் எழுதச் சொல்லியிருந்தீர்கள். கூடவே, எங்கள் ஆண்டு பாராட்டு விருந்தில் அவர் என்னைப் பற்றி ஆற்றிய உரையை, அவருடைய இரக்கத்துக்குச் சான்றாக இந்த மலரில் மறுபடி அச்சிடப் போவதாகவும் எழுதியிருந்தீர்கள். அந்த வரி இல்லாவிட்டால் நான் பேனாவை எடுத்திருக்க மாட்டேன்.

செய்தி ஒரு முற்பகலில் வந்தது. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் நான் வேலை செய்யும் ரசாயனத் தொழிற்சாலையின் சோதனைக்கூடத்தில் பியூரெட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேலாளர் வந்து, "உங்க புரொபசர் நேத்து காலமாயிட்டாராம்மா. முதலாளி மாலை அனுப்பச் சொல்றாரு. கூடப் போறீங்களா?" என்றார். அளவைக் குறித்து முடித்துவிட்டு, இல்லை என்றேன். அழுகை வருமா என்று சிறிது நேரம் காத்திருந்தேன். வரவில்லை.

சாயங்காலம் கவரப்பேட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டில் சொன்னேன். இரும்புக் கம்பி உருட்டும் ரோலிங் மில்லில் வேலை முடிந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்த என் நைனா, அதாவது அப்பா, தலையைத் தூக்காமலே, "அவரும் வந்துட்டாரா? வரட்டும், வரட்டும். அங்க நான் அவருக்கு ரெண்டு வருசம் சீனியர் ஆச்சே" என்றார். நான் சிரித்துவிட்டேன். அம்மா சிரிக்கவில்லை.

நைனா அப்படிப் பேசியது ஏன் என்று சொல்ல வேண்டுமானால் விருந்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பரிசு பெறும் மாணவர்களுக்காகத் துறை நடத்தும் விருந்து என்று அழைப்பிதழில் அச்சாகும். உண்மையில் அது தொழிற்பேட்டை முதலாளிகளுக்கான விருந்து. அவர்களில் ஒருவருடைய விருந்தினர் விடுதியில்தான் ஒவ்வொரு வருஷமும் நடக்கும். முதல் பந்தியில் விருந்தினர்களும் பேராசிரியர்களும் உட்காருவார்கள். பரிசு வாங்கியவர்கள் மெடலோடு சுவர் ஓரமாக நிற்க வேண்டும். "கழுத்திலேயே இருக்கட்டும். சாப்பிட்டுக்கொண்டே பார்ப்பார்கள்" என்பார் பேராசிரியர். எங்களுக்கு இரண்டாம் பந்தி. அதற்குள் பாதாம் அல்வா தீர்ந்திருக்கும், அப்பளம் தூளாகியிருக்கும். எங்களைப் பாராட்டி முடித்தவர்கள் வெளியே வெற்றிலை போட்டுக்கொண்டிருப்பார்கள்.

விருந்தின் சிகரம் வாழ்க்கைக் குறிப்பு. பரிசு பெறும் ஒவ்வொருவரும் தம் குடும்பத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதி ஒரு வாரம் முன்னதாகத் தர வேண்டும். பேராசிரியர் அதைப் பச்சை மையில் திருத்துவார். திருத்துவது என்றால், கஷ்டத்தைக் கூட்டுவார், சௌகரியத்தைக் குறைப்பார். பிறகு பந்தி நடுவே எழுந்து, தழுதழுத்த குரலில் அதையே உரையாக ஆற்றுவார். ஒரு தனிமம் எத்தனை சதவீதம் என்று மூன்றாம் தசமம் வரை கேட்கிற மனிதர், மாணவர்களின் வறுமையை மட்டும் கைப்பிடி அளவில் போடுவார். "படிப்பைச் சொன்னால் அவர்கள் வடையைப் பார்ப்பார்கள். பட்டினியைச் சொன்னால் நம்மைப் பார்ப்பார்கள்" என்பது அவருடைய வாக்கு. துறையில் எல்லோரும் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

என்னோடு பரிசு வாங்கிய சேகரின் தந்தை தாலுகா ஆபீசில் குமாஸ்தா. பாவம், அவனுக்கு உரையில் இரண்டே வரிதான் கிடைத்தது. "உனக்கு இன்னாம்மா, ஏழையா பொறந்துட்ட. ஒரு பக்கம் பேசுவாரு" என்று உண்மையாகவே பொறாமைப்பட்டான்.

எனக்கும் ஒரு பக்கம் தேறவில்லை. பேராசிரியர் தம் அறையில் என் குறிப்பைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"அப்பா குடிப்பாரா?"

"இல்லை சார்."

"அம்மாவை அடிப்பாரா?"

"இல்லை சார்."

"பின்னே என்னதான் பண்றார்?"

"வேலைக்குப் போறார் சார். ரோலிங் மில்."

ஏமாற்றத்தோடு பேனாவை வைத்தார். "வேலைக்குப் போற அப்பா. சோறு போடுற அம்மா. இதுல எந்த இடத்துலம்மா கை தட்டுறது?"

ஒரு மாணவருக்குப் பெற்றோரில் ஒருவர்தான் விருந்துக்கு வரலாம் என்பது விதி. யார் வருவார் என்று கேட்டார். நைனாவுக்குப் பகல் ஷிஃப்ட், அம்மா வருவாள் என்றேன். முகம் தெளிந்தது. "என் தந்தை ரோலிங் மில் தொழிலாளி" என்று நான் எழுதியிருந்ததை ஒரே கோடாக அடித்து, மேலே "தந்தையை இழந்த" என்று எழுதினார். கையெழுத்து மிக அழகு.

"ஒரு நாளைக்குத்தானே. மறுநாள் யாருக்கு ஞாபகம் இருக்கப் போகுது? அம்மாகிட்ட மட்டும் சொல்லி வை. பூ வைக்காம வரட்டும்."

நான் "சரி சார்" என்றேன். அந்தச் சொல்லுக்கு அவர் பொறுப்பு அல்ல. அதை நான்தான் சொன்னேன்.

அம்மாவிடம் பூ வைக்காதே என்று எப்படிச் சொல்வது? பெற்றோர் யாரும் வர வேண்டாமாம் என்று வீட்டில் பொய் சொன்னேன். அது எமர்ஜென்சி முடிந்த வருஷம். தொழிற்பேட்டை சின்னது. விருந்து என்றால் அந்தச் செய்தி அடுத்த காம்பவுண்டுக்கும் போய்விடும். பெற்றோருக்கும் அழைப்பு உண்டு என்று மில்லில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். பெண்ணுக்கு விவரம் போதவில்லை என்று நினைத்துக்கொண்டு, நைனா ஷிஃப்டை மாற்றிக்கொண்டு, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு வந்துவிட்டார்.

சுவர் ஓரத்தில் மெடலோடு நின்ற நான், பெற்றோர் வரிசையின் கடைசியில் அவரைப் பார்த்தபோது பேராசிரியர் எழுந்துவிட்டார். "தந்தையை இழந்த இந்தப் பெண்..." என்று தொடங்கினார். விளக்கில்லாமல் படித்தேனாம், கூழ் குடித்து வளர்ந்தேனாம். எங்கள் வீட்டில் மின்சாரம் வந்து ஐந்து வருஷம் ஆகியிருந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். நைனா ஒரு நொடி பொறுத்து, தானும் தட்டினார்.

முதல் பந்தியில் இருந்த, இப்போது எனக்கு முதலாளியாக இருப்பவர், இலையில் கையை வைத்தபடியே குரல் கொடுத்தார். "இன்னைலேர்ந்து இந்தப் பொண்ணுக்கு நான்தான் அப்பா. நம்ம கம்பெனி லேப்ல வேலை. நாளைக்கே வரச் சொல்லுங்க." மறுபடியும் கைதட்டல். என் புதிய தந்தை பாயசத்துக்குத் திரும்பினார்.

பந்தி கலைந்தபோது அவருடைய மேலாளர் நைனாவிடம் போய், "நீங்க யாருங்க, பொண்ணு வழியா?" என்று கேட்டார். நைனா என்னை ஒரு தரம் பார்த்தார்.

"சித்தப்பாங்க. அண்ணன் பொண்ணு."

"நல்லாப் படிக்க வெச்சிருக்கீங்க."

"நான் இன்னாங்க பண்ணேன்? எல்லாம் அண்ணன் புண்ணியம்."

விருந்தினர் பட்டியலில் என் பெயருக்கு எதிரே தாயார் என்றுதான் இருந்தது. சித்தப்பாவுக்கு இலை இல்லை. அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு மில்லுக்குப் போய்விட்டார்.

அன்று வீட்டில் அம்மா போட்ட கூச்சல் தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும். "என் தாலிய அறுக்க அந்த ஆளு யாருடி? பச்ச மையில எழுதினா ஆளு செத்துடுவானா? நீ இன்னா பண்ணிக்கினு இருந்த, பாத்துக்கினு இருந்தியா?" நைனாதான் சமாதானம் செய்தார். "வுடு, பேஜார் பண்ணாத. மில்லுல செத்தவன் ஊட்டுக்குத்தான் வேல குடுப்பான். நமக்கு சாவாமயே குட்துட்டான். லாபந்தான?"

இரண்டு வருஷமாக அந்த லாபத்தில் வாழ்கிறேன். வேலையில் சேர்ந்த அன்று படிவத்தில் தந்தை பெயருக்கு முன்னால் 'லேட்' என்று நானே எழுதினேன், நீல மையில். மழை நாளில் நைனா குடை கொண்டுவந்தால், வாட்ச்மேன், "யம்மா, சித்தப்பா வந்துக்கினு கீறாரு" என்று குரல் கொடுப்பார். நைனாவும் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டார். அம்மா கும்மிடிப்பூண்டிப் பக்கம் வருவதே இல்லை. போன தீபாவளிக்கு முதலாளி வீட்டம்மா, கரை இல்லாத வெளிர் புடவை ஒன்றை 'உங்க அம்மாவுக்கு' என்று கொடுத்தனுப்பினார். அம்மா அதை நாலாகக் கிழித்துப் பானை இறக்கும் துணியாக்கினாள்.

வேலையில் சேர்ந்து ஒரு வருஷம் கழித்து, துணிச்சலைச் சேர்த்துக்கொண்டு துறைக்குப் போனேன். உரை ஆண்டறிக்கையிலும் அச்சாகியிருந்தது. அடுத்த அறிக்கையில் திருத்தம் போடச் சொல்லிக் கேட்பதற்காகத்தான் போனேன். அறையில் புது மாணவர்கள் சிலர் இருந்தார்கள். என்னைக் காட்டி, "பாருங்கள், தகப்பன் முகம் தெரியாமல் படித்து வந்த பெண்" என்றார்.

"சார், அப்பா இருக்கிறார்" என்றேன்.

அவர் கண் கலங்கியது. என் தோளைத் தட்டினார். "அப்படித்தாம்மா நினைக்கணும். போனவங்க எங்கே போறாங்க? நம்மகூடத்தான் இருக்காங்க."

அவர் நடிக்கவில்லை. அதைத்தான் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. பொய் சொல்கிறவராக இருந்திருந்தால் எங்கேயோ ஓரிடத்தில் அவருக்கு உண்மை தெரிந்திருக்கும். அவர் தம்முடைய உரைக்கே கை தட்டி, தாமே அழுது, தாமே நம்பிவிட்டவர். ஒரு மனிதனைக் கொன்றதுகூட அவருக்கு ஞாபகம் இல்லை. காபி வரவழைத்துக் கொடுத்தார். குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

போனவரைப் பற்றி நல்லதாக ஒன்றாவது சொல்ல வேண்டும் என்பார்கள். சொல்கிறேன். சோதனைக்கூடத்தில் அவர் கறாரானவர். "கண்ணைக் குறியின் மட்டத்துக்கு இறக்கு. மேலே நின்று பார்த்தால் தப்பு அளவுதான் தெரியும்" என்று முதல் நாளே சொன்னார். தினமும் அப்படித்தான் பார்க்கிறேன், என் அளவுகள் தப்பியதில்லை. அவரிடமிருந்து நான் வைத்திருப்பது அந்த ஒரு பழக்கமும், பச்சை மை பட்ட அந்தத் தாளும்தான். வேண்டுமானால் தாளை மலருக்கு அனுப்பி வைக்கிறேன்.

இதை முதலாளி படிப்பார் என்பது தெரியும். அனுப்புவதற்கு முன் வீட்டில் படித்துக் காட்டினேன். "வேல பூடுமேம்மா" என்றார் நைனா. "போவட்டும்" என்றாள் அம்மா.

அதனால் கடைசியாக ஒன்று கேட்கிறேன். அவருடைய உரையை நீங்கள் அச்சிடுங்கள். விளக்கில்லாத வீடும் கூழும் அப்படியே இருக்கட்டும், நான் தடுக்கவில்லை. ஆனால் அதன் கீழே, அதே அளவு எழுத்தில், ஒரு வரி சேருங்கள்: 'இம்மாணவியின் தந்தை கோ. முனுசாமி, ரோலிங் மில் தொழிலாளி, உயிரோடு இருக்கிறார்.'