மூடி திறக்காத கலர்

ஓப்பனர் பட்டதும் மூடி 'டொப்'பென்று தெறிக்கும். ஆரஞ்சு மணம் மூக்கில் சுருக்கென்று ஏறும். அந்தச் சோடா பாட்டிலை நாங்கள் 'கலர்' என்போம். திருக்கழுக்குன்றத்துக்குப் பக்கத்திலிருந்த எங்கள் காலனியில் அந்தச் சத்தம் கேட்டால், ஊர்ப்பக்கத்திலிருந்து யாரோ வந்திருக்கிறார்கள் என்று பொருள். எங்களுக்காக யாரும் கலர் திறந்ததில்லை, காய்ச்சலில் படுத்தால் ஒழிய.

ஊர்க்காரர்கள் எங்கள் வீடுகளில் சாப்பிட மாட்டார்கள். "தோல் உரிக்காதது, மூடி தொறக்காதது, அவ்ளோதான்" என்பாள் அம்மா, சமையல் குறிப்பு சொல்வதைப்போல. அதாவது வாழைப்பழமும் கலரும். மூடியை அவர்கள் கண்ணெதிரே திறக்க வேண்டும்; டம்ளரில் ஊற்றக் கூடாது. காரணம் தெரியாத வயதில் நான் அதைப் பெரிய மரியாதை என்று நினைத்து, வளர்ந்தால் எனக்கும் எல்லா வீட்டிலும் கலர் தருவார்கள் என்று நம்பியிருந்தேன்.

அப்பா செங்கல்பட்டில் பஸ் மெக்கானிக். அவருடைய அப்பா, பிறர் நிலத்தில் கூலிக்கு நடவு நட்டவர். சமத்துவம் பேசும் கூட்டங்களுக்குத் தவறாமல் போய்வரும் அப்பா, கலரைப் பற்றி ஒரு கணக்கு வைத்திருந்தார். "எங்க நைனா காலத்துல எவனும் நம்ம தெருவுல காலே வெச்சதில்ல. அப்பால வந்தான், தெருமுனையில நின்னான். இப்ப வூட்டுக்குள்ள குந்திகினு கலர் குடிக்கிறான். எல்லாம் படிப்படியாத்தான் வரும்." அடுத்த படி எது, அதில் யார் முதலில் கால் வைப்பது என்று அவர் சொன்னதில்லை.

நான் எட்டாவது படித்தபோது, கணக்கு டீச்சர் கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டுக்கு வருவதாகச் சொன்னார். கோயில் பணி செய்யும் குடும்பம் அவருடையது. மூன்று நாள் அம்மாவுக்குத் தூக்கம் இல்லை. கவிச்சி படாத புதுப் பாத்திரம் வாங்கி, அன்று காலையில் குளித்துவிட்டு, சேமியா பாயசம் வைத்தாள். டீச்சர் வந்து உட்கார்ந்து, என் நோட்டைப் புரட்டிப் பார்த்து, அம்மாவின் படிப்பை விசாரித்தார். அம்மா உள்ளே போனாள். திரும்பி வந்தபோது அவள் கையில் இருந்தது கலர் பாட்டில்.

டீச்சர் அதை வாங்கிக்கொண்டே, "பாயச வாசனை வருதே" என்றார்.

"அது புள்ளைங்களுக்கு, டீச்சர்" என்றாள் அம்மா.

டீச்சர் பாதிக் கலரைக் குடித்துவிட்டு விடைபெற்றார். அவர் தெருமுனையைத் தாண்டும்வரை அப்பா பொறுத்திருந்தார்.

"இன்னாமே, அந்தம்மா வாய்வுட்டே கேட்டுது. வெச்சுக்கினே இல்லன்னுட்டியே."

"வாசனை வருதுன்னாங்க. குடுன்னா சொன்னாங்க?"

"நீ குட்த்துப் பாக்க வேண்டிதுதான?"

"குடுத்து, வேணான்னுட்டா? நாளைக்கு இவ அவங்க மூஞ்சியப் பாத்துக் கணக்குப் போடணும்யா."

பாயசத்தை நாங்கள்தான் குடித்தோம். டீச்சர் கேட்டாரா, வெறுமனே சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அந்த வருடம் முழுக்க அவர் என்னிடம் அன்பாகத்தான் இருந்தார்.

காலனிக்கும் ஊருக்கும் நடுவிலிருந்த வயல் இப்போது மனைகளாகிவிட்டது; எது எங்கே முடிகிறது என்று புதிதாக வருபவர்களுக்குத் தெரியாது. எங்கள் கல்யாணங்களில் ஊர்க்காரர்கள் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். சிலர் மட்டும் அவசர வேலை என்று முன்னதாகவே கிளம்பிவிடுகிறார்கள். கலருக்காக யாரும் கடைக்கு ஓடுவதில்லை.

நான் படூரில் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறேன். யார் எந்தத் தெருவிலிருந்து வந்தவர்கள் என்று இங்கே யாரும் கேட்பதில்லை. அதை நான் நல்லதாகவே எடுத்துக்கொள்கிறேன். போன மாதம் மகளின் ஆறாவது பிறந்தநாள். மேல்மாடியில் இருப்பவள், தன் பெண்ணை அழைத்துப்போக வந்தாள். நான் தட்டில் கேரட் அல்வாவும் பஜ்ஜியும் வைத்து நீட்டினேன்.

"வேணாங்க, இப்பதான் சாப்ட்டேன்" என்றாள் சிரித்தபடி.

இப்போதுதான் சாப்பிட்டிருக்கலாம். சர்க்கரைக்குப் பயந்திருக்கலாம். எங்கள் வாசல் சிலுவையைப் பார்த்து எதையாவது ஊகித்திருக்கலாம். அல்லது அப்படி நினைப்பதே என் புத்தியில் ஊறிய கோணலாக இருக்கலாம். அம்மாவின் காலத்தில் மறுப்புக்கு ஒரே காரணம்தான். அது எல்லோருக்கும் தெரியும். அந்தத் தெளிவு போய்விட்டது. அது போனது நல்லதுக்கா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

"ஆன்ட்டி ஏம்மா சாப்டல?" என்றாள் மகள்.

"பசியில்லையாம்" என்றேன்.

நேற்று லிஃப்டில் மேல்மாடிக்காரியைப் பார்த்தபோது, ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு மதியச் சாப்பாட்டுக்கு வரச் சொன்னேன். கேட்டிருக்க வேண்டாமோ என்று உடனே தோன்றியது. "பாக்கறேங்க" என்றாள். நாலு பேருக்குக் கூடுதலாகவே அரிசி போடப்போகிறேன்.